அமிடா, 359: சாபூர் பிடித்த ஊரும் தொலைத்த கோடையும்

துருக்கியின் தென்கிழக்கே, டைகிரிஸ் ஆற்றை ஒட்டிய மேட்டில் தியார்பகிர் நகரம் இருக்கிறது. எரிமலைக் கல்லால் எழுப்பிய அதன் கருநிற மதில் ஏறக்குறைய 6 கிலோமீட்டர் ஓடி, பழைய ஊரை இன்றும் வளைத்து நிற்கிறது. 2015இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இன்று நாம் பார்க்கும் மதிலில் பெரும்பகுதி பிற்காலத்தில் கட்டியும் செப்பனிட்டும் வந்ததுதான். ஆனால் ஊர் அதே ஊர். ரோமானியர் அதை அமிடா என்றார்கள். 359ஆம் ஆண்டு பாரசீகப் பேரரசன் இரண்டாம் சாபூர் அந்த மதிலுக்கு வெளியே 73 நாள் கிடந்து, கடைசியில் ஊரைப் பிடித்தான்.

இதைப் பாரசீக வெற்றி என்று ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த ஆண்டுக்குப் போய்விடுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. சாபூர் அமிடாவைப் பிடிக்கப் புறப்படவே இல்லை. எந்தக் கோட்டையின் முன்னும் நிற்காமல் நேரே சிரியாவுக்குள் போய்விடுவதுதான் அந்த ஆண்டின் திட்டம். அப்படிப்பட்டவனை ஓர் ஊர் இரண்டரை மாதம் பிடித்து வைத்துக்கொண்டது என்றால், யார் யாரைப் பிடித்தது என்று கேட்கத்தான் வேண்டும்.

இந்த முற்றுகையைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிவதற்கு ஒரே மனிதர்தான் காரணம். அம்மியானஸ் மார்செல்லினஸ், கிரேக்கம் பேசும் ராணுவ அதிகாரி. தளபதி உர்சிசினஸின் கீழ் வேலை பார்த்தவர். மதிலுக்குள் மாட்டிக்கொண்டு, ஊர் விழுந்த இரவில் தப்பியவர். பின்னாளில் லத்தீனில் 31 பகுதிகள் கொண்ட வரலாறு ஒன்றை எழுதினார். முதல் 13 பகுதிகள் தொலைந்துவிட்டன. நம் நல்ல காலம், அமிடா கதை 18, 19ஆம் பகுதிகளில் வருகிறது. அவர் சொல்வதையெல்லாம் அப்படியே விழுங்கிவிடவும் கூடாது. தன் தளபதிமேல் அவருக்கு அபார விசுவாசம். தளபதிக்குப் பிடிக்காதவர்கள் அவர் எழுத்தில் உருப்படியாக எதையும் செய்வதே இல்லை. ஆனாலும் அங்கே நின்று பார்த்தவனுக்கு மட்டுமே தெரியக்கூடிய சிறு விவரங்கள் அவரிடம் நிறைய உண்டு. நான் அவரை நம்புவது அவற்றுக்காகத்தான்.

கணக்கர் போட்ட திட்டம்

298இல் ரோமானியரிடம் தோற்ற பாரசீகர்கள், நிசிபிஸ் நகரையும் டைகிரிஸ் கரை நாடுகள் சிலவற்றையும் உடன்படிக்கையில் இழந்தார்கள். தாத்தா நர்சே இழந்ததைப் பேரன் சாபூர் வாழ்நாள் முழுக்க மறக்கவில்லை. நிசிபிஸை மட்டும் மூன்று முறை முற்றுகையிட்டான். மூன்றாவது முறை, 350இல், ஆற்று நீரைத் தேக்கி மதிலின் ஒரு பகுதியையே தகர்த்துவிட்டான். ஆனால் அதே நீர் முன்னால் சேறாகக் கிடந்தது; குதிரையும் யானையும் அதில் புதைய, உள்ளே இருந்தவர்கள் இடிந்த இடத்தை அடைத்துவிட்டார்கள்.

இந்த நிலையில்தான் அன்டோனினஸ் வந்து சேர்ந்தான். பணக்கார வியாபாரியாக இருந்து, மெசபடோமிய எல்லைப் படைத்தலைவரின் அலுவலகத்தில் கணக்கரானவன். செல்வாக்குள்ள சிலரோடு பண வழக்கு, நியாயம் கிடைக்கவில்லை. வேறு வழியின்றிக் கடனை ஒப்புக்கொண்டான். அந்தக் கடன் அரசுக் கருவூலத்தின் பேருக்கு மாற, நெருக்கடி கழுத்துக்கு வந்தது. அவன் வாய் திறக்கவில்லை. எந்தப் படை எங்கே இருக்கிறது, எத்தனை பேர், ஆயுதம் எவ்வளவு, தானியம் எவ்வளவு என்று ராணுவக் கணக்குகளைப் பொறுமையாகக் குறித்துக்கொண்டான். பிறகு டைகிரிஸ் கரையோரம் ஒரு நிலம் வாங்கினான். சொந்த நிலத்துக்குப் போகிறவனை எல்லைக் காவலன் ஏன் போகிறாய் என்று கேட்பானா? தவணை நாள் நெருங்கியபோது ஒரு ராத்திரி குடும்பத்தோடு படகேறி அக்கரைக்குப் போய்விட்டான். ஒரு கடன் பத்திரத்தால் ரோமப் பேரரசின் கிழக்கு எல்லைக் கணக்கு முழுவதும் எதிரி கைக்குப் போனது.

சாபூரிடம் அவன் சொன்ன யோசனை எளிமையானது. இத்தனை ஆண்டுகளாகக் கோட்டை கோட்டையாக மோதிக் காலத்தை வீணாக்கிவிட்டீர்கள். இனி எங்கும் நிற்காதீர்கள். யூப்ரடீஸைக் கடந்து நேரே உள்ளே போங்கள். அங்கே செல்வம் இருக்கிறது, காவல் இல்லை.

நல்ல திட்டம்தான். ஆனால் ரோமானியர் டைகிரிஸுக்கும் யூப்ரடீஸுக்கும் இடைப்பட்ட வயல்களில் விளைந்து நின்ற பயிரையும் புல்லையும் கொளுத்தினார்கள். யூப்ரடீஸிலோ மலைப்பனி உருகி வெள்ளம். இறங்கிக் கடக்க வழியில்லை. அன்டோனினஸே மாற்று வழி சொன்னான்: வடக்கே திரும்பி, தீனி கிடைக்கும் மலையோரப் பாதையில் போய், ஆறு குறுகலாக இருக்கும் மேல்பகுதியில் கடக்கலாம். அந்தப் பாதையின் ஓரத்தில் இருந்த ஊர்தான் அமிடா.

அம்மியானஸ் ஊருக்குள் வந்து சேர்ந்த கதையே தனி. உர்சிசினஸின் சிறு படை வழியில் பாரசீகக் குதிரைப்படையிடம் சிக்கிச் சிதறியது. தனியாகிப்போன அவர் கோட்டைக்கு ஏறும் செங்குத்தான பாதையை அடைந்தபோது, அங்கே ஓடிவந்தவர்களும் துரத்தி வந்தவர்களும் ஒன்றாக நெரிபட்டு நின்றார்கள். அசைய இடமில்லை. அவருக்கு முன்னால் நின்ற வீரன் ஒருவனின் தலை வாள்வெட்டில் இரண்டாகப் பிளந்திருந்தது. கீழே விழ இடமில்லாததால் அந்தப் பிணம் நட்டுவைத்த கம்பம்போல நின்றுகொண்டே இருந்தது. விடியும்வரை அப்படியே நின்று, பிறகு சிறுவாசல் வழியாக உள்ளே போனார். உள்ளே இன்னும் நெரிசல். அந்த நேரம் பார்த்து ஊர்ப்புறத்தில் ஆண்டுச் சந்தை. சுற்றுவட்டாரச் சனமெல்லாம் அங்கே கூடியிருந்தது. வழக்கமாக லெஜியன் என்ற ரோமானியப் படைப்பிரிவு ஒன்று மட்டும் இருக்கும் ஊரில் அவசரமாக வந்து சேர்ந்த ஆறும் சேர்ந்து ஏழு லெஜியன்கள்.

ஒற்றை அம்பு

சாபூர் நேரே வாசல்வரை குதிரையில் வந்தான். தலையில் கிரீடத்துக்குப் பதிலாக, மணிகள் பதித்த பொன்னாலான ஆட்டுக்கடாத் தலை. தன்னைக் கண்டதும் உள்ளே இருப்பவர்கள் காலில் விழுந்துவிடுவார்கள் என்று நினைத்திருக்கிறான். மதிலிலிருந்து அம்பும் ஈட்டியும் பறந்தன. ஓர் ஈட்டி அவன் ஆடையைக் கிழித்துக்கொண்டு போனது. அவமானம்தான். ஆனாலும் கூட இருந்த பெருந்தலைகள் சமாதானம் சொல்லி, பெரிய காரியத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்றார்கள். மறுநாள் சரணடையச் சொல்லி ஆளனுப்புவது என்று முடிவாயிற்று.

போனவன் கிரம்பேட்ஸ். கியோனைட்டுகள் என்ற நடு ஆசியக் கூட்டத்தின் அரசன். சாபூரின் முக்கியக் கூட்டாளி. பக்கத்தில் அவன் மகன், இளைஞன். மதில் மேல் பாலிஸ்டா என்ற பெரிய அம்பெறி பொறியை இயக்கிய ஒருவன் இவர்கள் எல்லைக்குள் வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருந்தான். வந்தார்கள். விட்ட அம்பு கவசத்தோடு சேர்த்து இளவரசனின் மார்பைத் துளைத்தது. அந்த உடலுக்காக மதிலடியில் இருட்டும்வரை சண்டை நடந்தது. பிறகு போர் நின்றது. பாளையத்தில் நாள்கணக்கில் துக்கம். உயர்ந்த மேடையில் உடலைக் கிடத்தி, சுற்றிலும் பத்துக் கட்டில்களில் பிணங்களைப் போலச் செய்த உருவங்களை வைத்தார்கள். பெண்கள் மாரடித்து அழுதார்கள். கடைசியில் எரித்து, எலும்பை வெள்ளிக் கலசத்தில் எடுத்துவைத்தார்கள்.

மகனின் சாவுக்கு இந்த ஊரையே எரித்துப் பழி தீர்க்க வேண்டும் என்று சாபூரும் கிரம்பேட்ஸும் முடிவெடுத்ததாக அம்மியானஸ் சொல்கிறார். கதையாகக் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த அம்பு விழாதிருந்தால் சாபூர் அமிடாவைத் தாண்டிப் போயிருப்பானா என்பதில் எனக்குச் சந்தேகம். ஏழு லெஜியன்களை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு எந்த அரசனும் ஆறு கடந்து போகமாட்டான். இன்னொன்று: சாபூரின் படை முழுக்க அவன் ஆள்களல்ல. கியோனைட்டுகள், காகசஸ் பக்கத்து அல்பானியர், செகெஸ்தானியர் என்று கூட்டாளிகள் சேர்ந்த படை. கூட்டாளி மகனைப் பறிகொடுத்து நிற்கும்போது 'நேரமாகிறது, கிளம்பலாம்' என்று சொன்னால் கூட்டணி அன்றே கலைந்துவிடும். அம்பு காரணமோ சாக்கோ, அன்றைக்குக் கணக்கரின் திட்டம் செத்தது.

மதிலின் மேல்

படை ஊரைச் சுற்றி வளைத்தது. மகனை இழந்த கியோனைட்டுகளுக்குக் கிழக்கு, அல்பானியருக்கு வடக்கு. மேற்கு வாசலில் செகெஸ்தானியர், யானைகளோடு. அந்த யானைகள் மெல்ல நகர்ந்து வந்ததைவிடப் பயங்கரமான ஒன்றைத் தான் கண்டதில்லை என்கிறார் அம்மியானஸ். கிரம்பேட்ஸ் ரத்தம் தோய்ந்த ஈட்டி ஒன்றை மதிலை நோக்கி எறிந்து தாக்குதலைத் தொடங்கிவைத்தான்.

உள்ளே இருந்தவர்களின் பெரிய பலம் பொறிகள். அப்போதைய ரோமப் பேரரசன் கான்ஸ்டான்டியஸ் பட்டத்துக்கு வருமுன்பே இந்த ஊருக்கு மதிலும் கோபுரமும் கட்டி, மதில் பொறிகளுக்கென்று ஒரு கிடங்கும் வைத்திருந்தான். அம்பு எறிய பாலிஸ்டா; கல் எறிய, கொடுக்கு நிமிர்ந்தாற்போல் இருப்பதால் 'தேள்' என்று பெயர்பெற்ற பொறி. அம்மியானஸ் காலத்துச் சிப்பாய்கள் இந்தத் தேளைக் 'காட்டுக்கழுதை' என்றும் கூப்பிட்டார்கள். துரத்தினால் பின்னங்காலால் கல்லை உதைத்தெறியும் மிருகமாம். முறுக்கிய கயிற்றுக்குள் செருகிய மரக்கையை, பக்கத்துக்கு நால்வராக நின்று ஏறக்குறையத் தரையைத் தொடும்வரை இழுத்து வைப்பார்கள். பொறித்தலைவன் சம்மட்டியால் முளையைத் தட்டிவிட்டால் கல் பறக்கும். இதை வெறுங்கல் மதிலின் மேல் நிறுத்த முடியாது. எடையால் அல்ல, அதிர்ச்சியால் கட்டுமானமே கழன்றுவிடும். புல்மண் கட்டி அல்லது செங்கல் மெத்தை போட்டு அதன்மேல்தான் நிறுத்த வேண்டும். அதை இங்கே சொல்லி வைப்பதற்குக் காரணம் உண்டு. மண்ணின் விஷயம் பின்னால் வருகிறது.

நாள்கள் போகப்போகத் தெருவில் பிணம் சேர்ந்தது. புதைக்க இடமில்லை, வெயில், புழு. கொள்ளைநோய் வந்தது, பத்து நாள் ஆடி, பதினோராம் நாள் வருவதற்குள் பெய்த சிறு தூறலோடு தணிந்தது. வெளியே எடெஸ்ஸாவில் இருந்த உர்சிசினஸ், மலைப்பாதைகள் வழியே திடீர்த் தாக்குதல் நடத்திப் பாரசீகரின் கவனத்தைச் சிதறடிக்கலாம் என்று துடித்தாராம். மேலதிகாரி சபினியானஸ் பேரரசரின் கடிதத்தைக் காட்டி மறுத்துவிட்டாராம். சபினியானஸ் கல்லறைத் தோட்டத்தில் நாட்டியம் பார்த்துக்கொண்டிருந்தார் என்றுகூட அம்மியானஸ் எழுதுகிறார். உர்சிசினஸின் ஆள் எழுதியது என்பதை மறக்காமல் படித்தால் போதும். நிசிபிஸ், எடெஸ்ஸா என்று காக்க வேண்டிய ஊர்கள் இன்னும் இருக்கும்போது, கையில் உள்ள படையைக் காட்டில் இறக்க மறுத்த அதிகாரியைக் கோழை என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை.

மதிலைவிட ஆபத்தானது அதன் அடியில் இருந்தது. தெற்கு மூலையில், டைகிரிஸைப் பார்த்தபடி செங்குத்துப் பாறைமேல் ஒரு கோபுரம். அதற்குக் கீழே பாறையைக் குடைந்து, ஆற்றுநீரை ரகசியமாக மொண்டுவர படிக்கட்டு வைத்திருந்தார்கள். இடம் அவ்வளவு செங்குத்து என்பதால் காவல் போடவில்லை. ஊரிலிருந்து ஓடிப்போன ஒருவன் வழிகாட்ட, அரசனின் காவற்படையைச் சேர்ந்த 70 வில்லாளிகள் நள்ளிரவில் ஒவ்வொருவராக ஏறிக் கோபுரத்தின் மூன்றாம் நிலையில் பதுங்கினார்கள். விடிந்ததும் சிவப்புப் போர்வை ஒன்றைத் தூக்கிக் காட்டினார்கள். வெளியே படை பாய, இவர்கள் ஊருக்குள்ளேயே அம்பு விட்டார்கள். ரோமானியர் ஐந்து சிறிய பாலிஸ்டாக்களை இழுத்துவந்து கோபுரத்துக்கு எதிரே நிறுத்தினார்கள். ஓர் அம்பில் இருவர் கோத்துக்கொண்டு விழுந்ததும் உண்டு. அம்பு தீர்ந்தவர்கள் மேலிருந்து குதித்துச் செத்தார்கள். எழுபதில் ஒருவனும் மிஞ்சவில்லை.

காலியா, அதாவது இன்றைய பிரான்ஸ் பக்கத்திலிருந்து வந்த இரண்டு காலிய லெஜியன்களின் கதை வேறு மாதிரி. அவர்கள் மக்னென்டியஸ் என்ற கலகக்காரன் மேற்கே திரட்டிய படை. அவன் தோற்றபின் கிழக்குக்கு அனுப்பப்பட்டவர்கள். திறந்தவெளியில் புலி, மதில்மேல் பொறி ஓட்டத் தெரியாது. ஊரே பற்றி எரியும்போது ஒரு கை தண்ணீர் ஊற்றுவது போலத்தான் அவர்கள் உதவி இருந்தது என்கிறார் அம்மியானஸ். ஒருநாள், வேறொரு கோட்டையில் பிடிபட்ட ஆயிரக்கணக்கானோரைப் பாரசீகர் ஓட்டிச் செல்வதை மதிலிலிருந்து பார்த்தார்கள். நடக்க முடியாத கிழவர், பெண்களின் குதிகால் நரம்பை வெட்டிவிட்டு வழியில் போட்டுவிட்டுப் போனார்கள். காலியர்கள் வெளியே விடச் சொல்லி வாளால் கதவைத் தட்டினார்கள். விடாவிட்டால் அதிகாரிகளையே வெட்டுவோம் என்றார்கள். கடைசியில் நிலவில்லாத ஓர் இரவு கோடரியும் வாளுமாகச் சிறுவாசலில் இறங்கி, காவலர்களைத் தூக்கத்திலேயே முடித்துக்கொண்டு சாபூரின் கூடாரத்தை நோக்கிப் போனார்கள். முனகல் சத்தத்தில் பாளையம் விழித்துவிட்டது. முதுகு காட்டாமல் பின்வாங்கித் திரும்பியபோது 400 பேர் குறைந்திருந்தார்கள். பாரசீகப் பிரபுக்கள் பலர் இறந்துபோனதால் மூன்று நாள் போர் நிறுத்தம் கிடைத்தது. காலியர்களின் தலைவர்களுக்கு எடெஸ்ஸாவில் சிலை வைக்கக் கான்ஸ்டான்டியஸ் பின்னர் உத்தரவிட்டான்.

மண்மேடு

பிறகு சாபூர் இரும்புத் தகடு போர்த்திய கோபுரங்களை உருட்டிவந்தான். அவற்றின் உச்சியிலிருந்த பாலிஸ்டாக்கள் மதில்மேல் நின்றவர்களைத் துடைத்தெறிந்தன. ரோமானியர் ஒரே இரவில் நான்கு தேள்களை இடம் மாற்றி எதிரே நிறுத்தி, உருண்டைக் கற்களால் கோபுரங்களின் மூட்டுகளைத் தகர்த்தார்கள். யானைகளுக்குத் தீப்பந்தம், உடம்பில் சூடு பட்டதும் அவை திரும்பிச் சொந்தப் படையை மிதித்தன. சாபூர் பொறுமை இழந்து சாதாரணச் சிப்பாய் போலத் தானே சண்டைக்குள் புகுந்தான். பாரசீக அரசன் அப்படிச் செய்வது வழக்கமே இல்லை. சுற்றி நின்றவர்கள் பலர் செத்தார்கள்.

கடைசியில் ஊரைத் திறந்தது மண். பாரசீகர் மதிலுக்கு வெளியே மண்மேடு எழுப்பினார்கள். அதைவிட உயரத்தில் நின்று அடிக்க உள்ளே ரோமானியரும் எதிர்மேடு போட்டார்கள். இரவு பகலாகக் கொட்டி, மதிலைத் தாண்டி உயர்த்திக்கொண்டே போனார்கள். ஒருநாள் அந்த உள்மேடு பூகம்பம் வந்ததுபோல் முன்னால் சரிந்தது. மதிலுக்கும் வெளிமேட்டுக்கும் இடையில் இருந்த பள்ளம் பாலம் போட்டதுபோல நிரம்பியது. பாரசீகர் நடந்தே உள்ளே வந்தார்கள்.

எதிரியின் மேடு சரிந்திருந்தால் அதைத் தெய்வச்செயல் என்றிருப்பார்கள். அவசரத்தில், இடிக்காமல் கெட்டிக்காமல் கொட்டிய மண், மேலே ஆளும் பொறியும் ஏறினால் எந்தப் பக்கம் நழுவும் என்பதில் தெய்வத்துக்கு வேலையில்லை. மதிலின் உயரத்தை மிஞ்சியபின் அதைத் தாங்க அங்கே எதுவும் இல்லை. பாதுகாப்புக்காகப் போட்ட மேடு எதிரிக்கு ஏணியானது.

அம்மியானஸ் இருவரோடு இருளில் ஒளிந்திருந்து, காவலில்லாத சிறுவாசல் வழியே வெளியேறினார். பத்து மைல் நடந்து களைத்தபோது எதிரே ஒரு குதிரை ஓடிவந்தது. கீழே விழுந்த குதிரைக்காரன் கடிவாள வாரை இடக்கையில் இறுக்கிக் கட்டியிருந்ததால் அவிழ்க்க முடியாமல் இழுபட்டுச் சிதைந்திருந்தான். அந்தப் பாரம்தான் குதிரையின் வேகத்தைக் குறைத்தது; பிடித்து ஏறிக்கொண்டார். பிறகு தாகம். ஆழ்கிணறு கிடைத்தது, கயிறு இல்லை. உடுத்தியிருந்த துணியைக் கிழித்துக் கயிறாக முடிந்து, தலைக்கவசத்துக்கு அடியில் ஒருவன் போட்டிருந்த குல்லாவை நுனியில் கட்டி இறக்கினார்கள். குல்லா நீரை உறிஞ்ச, மேலே இழுத்துப் பிழிந்து குடித்தார்கள்.

வரவு செலவு

ஊருக்குள் பிடிபட்ட படைத்தலைவர் ஏலியானஸையும் அதிகாரிகளையும் மரத்தில் அறைந்து கொன்றார்கள். டைகிரிஸுக்கு அப்பாலிருந்து வந்தவர்கள் என்று தெரிந்த அனைவரையும் தேடித்தேடிக் கொன்றார்கள். பாரசீகர் பக்கம் செத்தவர்கள் 30,000 என்று ஒரு ரோமானிய அதிகாரி எண்ணியதாக அம்மியானஸ் எழுதுகிறார். தோற்றவர்கள் எடுத்த கணக்கு. கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளலாம். ஆனால் 73 நாளைத் தள்ளுபடி செய்ய முடியாது. ஊர் விழுந்தபோது இலையுதிர்காலம் முடிந்துகொண்டிருந்தது. சிரியாவுக்குள் போவதற்கான பருவம் போய்விட்டது. சாபூர் கைதிகளோடும் கொள்ளையோடும் வீடு திரும்பினான்; பிடித்த ஊரில் காவலுக்குக்கூட யாரையும் விட்டுப் போகவில்லை. அடுத்த ஆண்டு மறுபடி கோட்டைகளைத்தான் பிடித்தான்: சிங்காரா, பெசாப்தே. அன்டோனினஸ் வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொண்ட அதே பழைய வழி.

ரோமானியர் பக்கம் பழி விழுந்தது உர்சிசினஸ் தலையில். விசாரணை நடத்தி 360இல் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதே ஆண்டு கான்ஸ்டான்டியஸ் அமிடாவின் சாம்பலைப் பார்த்து அழுதான். கூட நின்ற நிதி அதிகாரி உர்சுலஸுக்கு வாய் அடங்கவில்லை. இவர்களுக்குச் சம்பளம் கொடுத்தே பேரரசின் கஜானா வற்றுகிறது, இவர்கள் ஊரைக் காக்கிற வீரத்தைப் பாருங்கள் என்ற பொருளில் ஏதோ சொல்லிவிட்டார். சிப்பாய்கள் அதை மறக்கவில்லை. பேரரசன் இறந்ததும் கால்செடானில் கூடிய விசாரணை மன்றம் உர்சுலஸைக் கொன்றது. காலியர்களின் அந்த 400 பிணங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சொல் எப்படி இருந்திருக்கும்!

சாபூருக்கு வேண்டியது கிடைத்தது 363இல், முற்றுகையே இல்லாமல். பாரசீகத்துக்குள் படையெடுத்துப் போன ரோமப் பேரரசன் ஜூலியன் களத்தில் இறக்க, பின்வாங்கும் படையின் உயிரைக் காப்பாற்ற அடுத்த பேரரசன் ஜோவியன் நிசிபிஸை எழுதிக் கொடுத்துவிட்டான். மூன்று முற்றுகையிலும் விழாத ஊரின் மக்கள், எங்கள் மதிலை நாங்களே காத்துக்கொள்கிறோம், அனுமதி மட்டும் கொடுங்கள் என்று கெஞ்சினார்கள். கிடைக்கவில்லை. மூன்று நாளில் காலி செய்யச் சொன்னார்கள். கையில் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு, பெரும்பாலோர் போய்ச் சேர்ந்த ஊர் அமிடா.